வளைந்த ஏரி, நேரான அலை

வானம் தெளிந்த நாளில் நயாகரா-ஒன்-த-லேக் ஊரின் கரையில் நின்று வடக்கே பாருங்கள். சுமார் 50 கிலோமீற்றர் தண்ணீருக்கு அப்பால் ரொறன்ரோவின் சி.என். கோபுரம் தெரியும். முழுக் கோபுரமும் தெரியாது. அதன் 553 மீற்றர் உயரத்தில் அடியிலிருந்து நூறு மீற்றருக்கும் மேல் மறைந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள மாடிக் கட்டடங்களின் மேல்தளங்கள் மட்டும் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே நிற்கும். எவ்வளவு நல்ல தொலைநோக்கியால் பார்த்தாலும் மறைந்த பகுதி வெளியே வராது. மறைப்பது பனிமூட்டமல்ல, தண்ணீர்தான். பூமி உருண்டை என்பதால் ஒன்ராறியோ ஏரியின் பரப்பும் அதனோடு சேர்ந்து வளைகிறது. இரு கரைகளுக்கும் நடுவில் மேடாக எழுந்து பார்வையை மறிக்கிறது.

படகுக்கு வானொலி வாங்கப் போகிறவர் மனத்தில் பதிய வேண்டிய காட்சி இது. கடையில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி “இது எத்தனை வாட்?” என்பதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, அன்ரெனாவை எவ்வளவு உயரத்தில் வைக்க முடியும் என்பது. அடுத்தது, என் குரல் யார் காதில் விழ வேண்டும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்தக் கருவி, எத்தனை கருவி என்ற குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கடல் வானொலி ஏறக்குறைய 156 முதல் 162 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைகளில் இயங்குகிறது. வி.எச்.எஃப். என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டு மீனவர்கள் வயர்லெஸ் என்றும் வாக்கிடாக்கி என்றும் சொல்வது பெரும்பாலும் இதே கருவியைத்தான். அலைநீளம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. சிற்றலை வானொலியின் அலைகள் உயரே அயனி மண்டலத்தில் பட்டு மண்ணுக்குத் திரும்பும், பி.பி.சி. தமிழோசை ஒருகாலத்தில் கடல் தாண்டி நம் வீடுகளுக்கு வந்தது அப்படித்தான். வி.எச்.எஃப். அலை திரும்பி வருவதில்லை. அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். இந்தக் குணம் பின்னாளில் யாரும் எதிர்பாராத ஒரு காரியத்துக்கு வழி வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். காற்று அதைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தை விடக் கொஞ்சம் அதிகமாக எட்டும், அவ்வளவுதான். கணக்கு எளிது: அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், அலை எட்டும் தூரம் ஏறக்குறைய கிலோமீற்றரில் கிடைக்கும். சிறு படகில் உட்கார்ந்தபடி கையில் பிடித்துப் பேசும் வானொலி தண்ணீருக்கு மேலே ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும். அதன் எல்லை 5 கிலோமீற்றர். பாய்ப்படகின் 15 மீற்றர் பாய்மர உச்சியில் அன்ரெனா இருந்தால் 16 கிலோமீற்றர். கேட்பவரின் அன்ரெனா உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். தாழ்வான இரண்டு படகுகள் தமக்குள் பேசினால் 10 கிலோமீற்றர்; அதே சிறு வானொலி கரையிலுள்ள நூறு மீற்றர் கோபுரத்தோடு பேசினால் 45 கிலோமீற்றர் வரை. கரையோர நிலையங்கள் உயரமான கோபுரங்களைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

இதில் வாட் எங்கே வருகிறது? படகில் பொருத்தும் வி.எச்.எஃப். கருவியின் உச்சசக்தி 25 வாட். கையில் பிடிப்பது 5 அல்லது 6 வாட். இப்போது 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். 2,400 கோடி கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து அது பூமியோடு பேசும் கருவியின் சக்தி சுமார் 23 வாட். கேட்கும் பக்கத்தில் 70 மீற்றர் அகலமான கிண்ண அன்ரெனாக்கள் இருப்பது உண்மைதான். ஆனாலும் அவ்வளவு தொலைவு போன கலத்துக்குப் போதுமான சக்தி, ரொறன்ரோவிலிருந்து நயாகராவுக்குப் போதாமல் போவதன் காரணம் சக்திக் குறைவு அல்ல. வொயேஜருக்கும் நமக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ரொறன்ரோவுக்கும் நயாகராவுக்கும் நடுவில் ஏரியின் வளைவு இருக்கிறது. வளைவுக்குக் கீழே இருப்பவரை 25 வாட்டாலும் எட்ட முடியாது. 250 வாட்டாலும் முடியாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெரும்பாலும் வசந்த காலத்தில் ஏரி நீர் கடுங்குளிராக இருக்க, அதன் மேலே இளஞ்சூடான காற்று படியும்போது, இரண்டுக்கும் இடைப்பட்ட அடுக்கு ஒளியையும் வானொலி அலையையும் வழக்கத்தைவிட அதிகமாகக் கீழ்நோக்கி வளைத்துவிடும். 1894 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகர மக்கள், 56 மைல் தள்ளியிருந்த ரொறன்ரோவையும் அதன் துறைமுகத்தையும் வானத்தில் கானல் காட்சியாகக் கண்டதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அப்படிப்பட்ட நாட்களில் படகு வானொலியிலும் நூறு, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நிலையங்கள் பக்கத்தில் இருப்பவை போலக் கேட்கும். ரசிக்கலாம், நம்பி இறங்கக் கூடாது.

உயரம் கிடைத்த பிறகு கவனிக்க வேண்டியது கம்பி. பாய்மர உச்சிக்கு 20 மீற்றர் கேபிள் இழுக்க வேண்டியிருக்கும். மெல்லிய, விலை குறைந்த கேபிளைப் போட்டால் கருவி கொடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் கம்பியிலேயே வெப்பமாகிப் போய்விடும். 25 வாட் கருவிக்குக் காசு கொடுத்தவர் அன்ரெனாவில் பத்து வாட்தான் பெறுவார். தடித்த கேபிளில் இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவோடு நிற்கும். அன்ரெனா வாங்கும்போது பெட்டியில் 3 டெசிபெல், 6 டெசிபெல், 9 டெசிபெல் என்று போட்டிருக்கும். எண் கூடக் கூட நல்லது என்று நினைப்பது இயல்பு. அன்ரெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. இருக்கும் சக்தியை அடிவானத்தை நோக்கி ஒரு மெல்லிய தட்டாக அழுத்திப் பரப்புகிறது. எண் உயர உயரத் தட்டு மெலியும். காற்றில் ஒருக்களித்து ஓடும் பாய்ப்படகில் அந்த மெல்லிய தட்டின் ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் தண்ணீரையும் பார்க்கும். ஆகவே பாய்ப்படகுக்கு உச்சியில் ஒரு சிறிய 3 டெசிபெல் அன்ரெனாவும், அதிகம் சாயாத விசைப்படகுக்கு இரண்டரை மீற்றர் நீளமுள்ள 6 டெசிபெல் அன்ரெனாவும்தான் பொருத்தம்.

இவ்வளவு எதற்கு, கைபேசி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஏரியைக் கரையிலிருந்து மட்டும் பார்த்தவருக்கு அந்த எண்ணம் வருவது இயல்புதான். ஒன்ராறியோ ஏரி 311 கிலோமீற்றர் நீளம், அகலமான இடத்தில் 85 கிலோமீற்றர். வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் போகும் கடல் தூரத்தைவிட இது அதிகம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. இந்த ஏரியின் ஆழமோ 244 மீற்றர் வரை போகிறது. வடமராட்சிக் கடலில் வளர்ந்து ஸ்காபரோவில் குடியேறிய ஒருவருக்கு இங்கே உப்பைத் தவிரக் கடலின் எல்லாக் குணமும் பழக்கமானதாகவே தெரியும்.

கைபேசிக் கோபுரங்கள் வீடுகளையும் வீதிகளையும் பார்த்துத் திருப்பப்பட்டவை. கரையிலிருந்து விலக விலக அவை கைவிடும். ஸ்காபரோ புளவ்ஸ் கரையில் நிற்கும்போதே, எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவுக்கு வரவேற்கிறோம் என்று கைபேசி செய்தி காட்டுவது பலருக்கும் பழக்கப்பட்டது. ஆனால் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது சிக்னல் அல்ல. கைபேசி ஒருவரோடு ஒருவரைத்தான் இணைக்கும். வி.எச்.எஃப். 16ஆம் சானலில், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸில் ஒருவர் மூச்சிரைக்கச் சொல்லும் ஒரு வாக்கியம், அடிவானத்துக்குள் இருக்கும் அத்தனை படகுக்கும் கப்பலுக்கும் கரை நிலையத்துக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேரும். இருநூறு மீற்றர் தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும். அவருடைய கைபேசி எண் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது கனடியச் சட்டப்படி படகோட்டியின் கடமை, கேட்டவர் திரும்புவார். தேடி வரும் மீட்புப் படகும் உங்கள் குரல் வரும் திசையைக் கருவியால் கண்டு அதை நோக்கியே வர முடியும்.

கடைகளில் இரண்டாக ஒரே பெட்டியில் விற்கும் தரை வாக்கிடாக்கிகள் இதற்கு உதவா. அவை 462, 467 மெகாஹேர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை; 16ஆம் சானலை அவற்றால் தொடவே முடியாது. தோற்றம் ஒன்றாக இருப்பதால் ஏமாறாதீர்கள்.

குளிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தக் கருவி என்பதை இந்த ஏரியில் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். மே மாதத்தில் ரொறன்ரோவில் மக்கள் அரைக்கைச் சட்டையோடு நடப்பார்கள். அதே நாளில் ஏரியின் நடுப்பகுதி நீர் 4 பாகை அளவில் இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடலை ஆராய்ந்தவர். தானே பலமுறை பனிநீரில் இறங்கிச் சோதித்தவர். ஒன்று, பத்து, ஒன்று என்று அவர் சொல்லும் கணக்கு படகோட்டிகளுக்கு மனப்பாடமாக வேண்டியது. விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைவிரல்கள் பயன்படும் வகையில் அசைய ஏறத்தாழ பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்புமுன் சுமார் ஒரு மணி நேரம்.

இந்தக் கணக்கில் நடுவிலுள்ள பத்தைப் பாருங்கள். ஆள் உயிரோடு இருப்பார், ஆனால் பத்து நிமிடத்துக்குப் பிறகு விரல் கேட்காது. தொடுதிரையைத் தடவவோ, இலக்கம் அழுத்தவோ, வரைபடத்தைப் பார்த்து நிற்கும் இடத்தைச் சொல்லவோ முடியாது. டி.எஸ்.சி. என்ற இலக்கமுறை அழைப்பு ஏன் இத்தனை பெரிய விஷயம் என்பது இங்கேதான் விளங்கும். கருவியின் முகப்பில் சிறு மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கி, சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், 70ஆம் சானலில் அரை விநாடி நீளமான ஒரு செய்தி போகும். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் அதில் இருக்கும். பதில் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கருவியே அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும். கேட்ட ஒவ்வொரு டி.எஸ்.சி. கருவியிலும் எச்சரிக்கை மணி அடிக்கும். இந்தச் செய்தியில் குரல் இல்லை. இரைச்சலில் கரையும் உச்சரிப்பு இல்லை. ஆங்கிலம் தடுமாறும் பதற்றமும் இல்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கருவியை வாங்கிப் பொருத்திவிட்டு இரண்டு காரியங்களைச் செய்யாமல் விடுகிறவர்கள் அதிகம். ஜி.பி.எஸ். இணைக்காவிட்டால் செய்தியில் ‘எங்கே’ இருக்காது. எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் ஒன்பது இலக்க எண்ணைக் கருவியில் பதியாவிட்டால் ‘யார்’ இருக்காது. பல கருவிகள் அந்த எண் இல்லாமல் அழைப்பை அனுப்பவே மறுக்கும். கனடாவில் அந்த எண்ணைப் புத்தாக்கம், அறிவியல், பொருளாதார மேம்பாட்டுத் துறை இலவசமாகக் கொடுக்கிறது. கனடியப் படகின் எண் 316 என்று தொடங்கும். இந்தியாவுக்கு 419, இலங்கைக்கு 417. எண்ணைப் பதியும்போது நிதானம் வேண்டும்: பெரும்பாலான கருவிகள் ஓரிரு தடவைக்கு மேல் அதை மாற்ற விடுவதில்லை.

கனடா, அமெரிக்க நீர்ப்பரப்புக்குள் மட்டும் ஓடும் உல்லாசப் படகுக்குத் தனி வானொலி உரிமம் தேவையில்லை. பேசுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். படகோட்டும் அட்டை வேறு, இந்தச் சான்றிதழ் வேறு. ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுதும் செல்லும். இதைச் சட்டத்துக்காக எடுக்கும் காகிதமாக நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வானொலியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசும் பொத்தான் இருக்கைக்கு அடியில் சிக்கி அழுந்திக் கிடந்தால், அந்த ஒரு படகு 16ஆம் சானலைச் சுற்றுவட்டாரம் முழுக்க ஊமையாக்கிவிடும். வலிமையான அலை பலவீனமானதை முழுதாக மூடிவிடுவது பண்பலைப் பரப்பின் இயல்பு. அந்த நேரத்தில் வேறொருவர் மூழ்கிக்கொண்டிருக்கலாம்.

என் தேர்வைச் சொல்கிறேன். கரையை விட்டு அதிகம் விலகாத சிறு மீன்பிடிப் படகுக்கும் கயாக்குக்கும், தண்ணீரில் மிதக்கும், ஜி.பி.எஸ்.சும் டி.எஸ்.சி.யும் உள்ள கைவானொலி. அதை உயிர்காப்பு அங்கியில் கட்டியிருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. அறையும் பற்றரியும் உள்ள படகுக்குப் பொருத்திய 25 வாட் கருவியும், அதோடு கைவானொலி ஒன்றும். படகு கவிழ்ந்தால் பொருத்திய கருவி படகோடு போகும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்த கருவி ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கி அடையாள முறை. அது ஏன் வேண்டும் என்பதை இந்த ஏரியில் ஓடும் கப்பல்களே சொல்லும். ரொறன்ரோத் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் ரெட்பாத் சீனி ஆலை 1959இலிருந்து இருக்கிறது. சென் லோரன்ஸ் கடல்வழி திறந்ததும் அதே ஆண்டுதான். கச்சாச் சீனி ஏற்றிய கப்பல்கள் இன்றும் அங்கே வந்து கட்டுகின்றன. வெலண்ட் கால்வாயில் புகக்கூடிய மிகப் பெரிய கப்பல் 225.5 மீற்றர் நீளம், 23.8 மீற்றர் அகலம். நயாகராவுக்குப் பாய்விரித்துப் போகும் ரொறன்ரோப் படகு, ஏரியின் நடுவில் இந்தக் கப்பல்களின் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். கண்ணாடியிழைப் படகு ராடாரில் மங்கலாகத்தான் விழும். மூடுபனியில் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் உங்களைக் காணாமலே போக வாய்ப்பு உண்டு. கண்டாலும் உடனே நிறுத்த முடியாது.

ஏ.ஐ.எஸ். செய்வது இது: ஒவ்வொரு கப்பலும் தன் பெயர், இடம், வேகம், போகும் திசை ஆகியவற்றை இரண்டு வி.எச்.எஃப். சானல்களில் தானாகவே ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். ஒரே சானலில் நூறு கப்பல் பேசினால் எப்படிக் குழம்பாமல் இருக்கிறது என்பதில்தான் இதன் அழகு. தலைவர் இல்லாத ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேசுகிற ஒவ்வொருவரும் தன் பேச்சை முடிக்கும்போது, அடுத்து இத்தனையாவது நொடியில் நான் பேசுவேன் என்று சொல்லிவிட்டு உட்காருகிறார். மற்றவர்கள் அந்த நொடியை விட்டுவிட்டு வேறு நொடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏ.ஐ.எஸ். ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு சுமார் 27 மில்லி விநாடி. அதற்குள் 256 பிட் தகவல் அடங்க வேண்டும். சுவீடனின் கண்டுபிடிப்பாளர் ஹாகன் லான்ஸின் யோசனை இது. இத்தனை சிறு துண்டுகளை எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி எண்ணுவதற்குக் கடிகாரம் துல்லியமாக வேண்டுமே? அதை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்கள் கொடுக்கின்றன. இடத்தைச் சொல்லும் அதே சிக்னல்தான் நேரத்தையும் சொல்கிறது. கூட்டம் மிகுந்து துண்டுகள் போதாமல் போனால், கருவி மிகத் தொலைவிலுள்ள கப்பலின் துண்டை எடுத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ளதைத்தான் மோதும் ஆபத்து, அதை இழக்கக் கூடாது. எந்தக் கட்டுப்பாட்டு அறையும் இல்லாமல் இத்தனையும் நடக்கிறது.

சென் லோரன்ஸ் கடல்வழி 2003 பருவத்திலேயே கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. வட அமெரிக்க உள்நாட்டு நீர்வழிகளில் அதுதான் முதல். உலகெங்கும் சர்வதேசப் பயணம் போகும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2004 முடிவில் வந்தது. சிறிய உல்லாசப் படகுகளுக்கு இங்கே கட்டாயமில்லை. ஆகவே வாங்குவதா, எதை வாங்குவது என்பது அவரவர் முடிவு.

இங்கேதான் ‘பார்ப்பது’, ‘தெரிவது’ என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில வி.எச்.எஃப். கருவிகளுக்குள்ளேயே ஏ.ஐ.எஸ். அலைகளைப் பெறும் வாங்கி இருக்கும். அதன் திரையில் கப்பல்கள் உங்களுக்குத் தெரியும்; எது எவ்வளவு நெருக்கமாக, எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்று கணக்கிட்டும் சொல்லும். ஆனால் நீங்கள் கப்பலுக்குத் தெரிய மாட்டீர்கள். கைபேசிச் செயலியில் கப்பல்களைப் பார்ப்பது இதைவிடக் குறைந்தது: கரையில் யாரோ வைத்த வாங்கி பிடித்து, இணையம் வழியாகத் தாமதித்து வருவது அது. வேடிக்கை பார்க்க நல்லது. மோதலைத் தவிர்க்க அதை நம்பலாகாது. கப்பலுக்கு நீங்கள் தெரிய வேண்டுமானால், ஒலிபரப்பவும் செய்யும் பி வகுப்புக் கருவி வேண்டும். அதிலும் இரண்டு வகை. 2 வாட் வகை, காலியான துண்டு ஏதாவது இருக்கிறதா என்று காத்திருந்து, கிடைத்தால் பேசும். நகரும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை. 5 வாட் வகை பெரிய கப்பல்களைப் போலவே தன் துண்டை முன்பதிவு செய்துகொள்ளும். வேகம் மணிக்கு 23 கடல்மைலைத் தாண்டினால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை சொல்லும். ஆறேழு கடல்மைல் வேகத்தில் போகும் பாய்ப்படகுக்கு 2 வாட் போதும். 20 கடல்மைலில் போகும் விசைப்படகு அரை நிமிடத்தில் 300 மீற்றர் நகர்ந்துவிடும். அதற்கு 5 வாட் வகை சரி.

முன்னே சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஏ.ஐ.எஸ்.சை வடிவமைத்தவர்கள் கப்பலுக்குக் கப்பல், நாற்பது ஐம்பது கிலோமீற்றருக்குள் கேட்பதற்காகத்தான் செய்தார்கள். வி.எச்.எஃப். அலை வானத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது என்பதை யாரும் அப்போது பொருட்படுத்தவில்லை. உயரம்தான் எல்லாம் என்றால், 630 கிலோமீற்றர் உயரத்தில் ஓர் அன்ரெனா வைத்தால் என்ன? அடிவானம் 2,700 கிலோமீற்றருக்குத் தள்ளிப்போகும். இந்தக் கேள்விக்கு விடை கண்டதில் ரொறன்ரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. நகரின் வடக்கே டஃபரின் வீதியில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆய்வுக் கழகம் இருக்கிறது. அங்குள்ள விண்பறப்பு ஆய்வுகூடம், ஒன்ராறியோவின் கொம் டெவ் நிறுவனத்துக்காக, ஏ.ஐ.எஸ். ஒலிபரப்பைக் கேட்பதற்கென்று, ஒவ்வொரு பக்கமும் 20 சென்ரிமீற்றர் நீளமான ஒரு கனசதுரச் செயற்கைக்கோளைச் சில மாதங்களில் கட்டி முடித்தது. எடை ஆறரைக் கிலோ. 2008 ஏப்ரல் 28 அன்று, பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. சி9 ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. அந்த ஒரே ஏவலில் பத்துச் செயற்கைக்கோள்கள். 2010 ஜூலை 12 அன்று, அதே ஆய்வுகூடம் நோர்வேக்காகக் கட்டிய ஏ.ஐ.எஸ்.சாட் 1, பி.எஸ்.எல்.வி. சி15இல் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. வடதுருவக் கடல்களில் கப்பல்களைப் பார்ப்பது அதன் வேலை.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. கீழே ஒன்றையொன்று கேட்டு ஒழுங்குபடுத்திக்கொண்ட ஆயிரக்கணக்கான கப்பல்கள், தம் அடிவானத்துக்கு அப்பாலுள்ள கப்பல்களை அறியாதவை. அதனால் வெவ்வேறு பகுதிகளில் ஒரே துண்டில் பேசும். கடலில் யாருக்கும் அதனால் தொல்லை இல்லை. மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கோ எல்லாக் குரலும் ஒரே சமயத்தில் வந்து விழுகின்றன. வலிமை வித்தியாசம், செயற்கைக்கோளின் வேகத்தால் அலையெண்ணில் ஏற்படும் சிறு மாற்றம் ஆகியவற்றைக் கொண்டு அவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். விண்ணிலிருந்து கேட்பதற்கென்றே 75, 76 என்ற இரு சானல்களையும் 2012 உலக வானொலி மாநாடு ஒதுக்கியது. பி வகுப்பின் 2 வாட் குரல் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் அமிழ்ந்து போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் உங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணி அதை வாங்காதீர்கள்.

அடிவானத்துக்கு அப்பால் கேட்க ஆளில்லாமல் போவது என்ன செய்யும் என்பதைக் குமரி மாவட்டம் அறியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் பல நாட்களுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். புயலோ ஒரு நாளுக்குள் திரண்டது. கரையிலிருந்து எச்சரிக்க வயர்லெஸ் எட்டவில்லை. அவர்களுடைய அழைப்பும் கரைக்கு எட்டவில்லை. எத்தனையோ வீடுகள் இன்னும் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை. அதற்குப் பிறகுதான், செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி போகும் கருவிகள் தீவிரமாகப் பேசப்பட்டன. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாயில் திட்டமிட்டு, 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கி வைத்தார்கள்.

ஒன்ராறியோ ஏரியில் அந்த அளவுக்கு விலகிப் போக முடியாது. ஆனாலும் இரவில், தனியாக, ஏரியின் நடுவே போகிறவருக்கு 406 மெகாஹேர்ட்ஸ் அபாயக் குறிகாட்டி ஒன்றை நான் சொல்வேன். சட்டைப் பையில் அடங்கும் வகையும் உண்டு. கனடா, அமெரிக்கா, பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கும் பனிப்போர் நடுவில் கைகோத்து உருவாக்கிய கொஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடு அதன் பின்னால் இருக்கிறது. 1982 செப்டம்பரில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த ஒரு சிறு விமானத்திலிருந்த மூவரைச் சோவியத் செயற்கைக்கோள் பிடித்த சிக்னலைக் கொண்டு மீட்டார்கள். அந்த ஏற்பாட்டின் முதல் மீட்பு அது. இன்று ஏரியில் ஒருவர் குறிகாட்டியை இயக்கினால், அந்தச் செய்தி ஏரியின் கிழக்கு முனைப் பக்கமுள்ள டிரென்டனுக்குப் போகும். பேரேரிகளின் கனடியப் பகுதியில் தேடல், மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் மையமும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே திரையில் ஓர் எண் எழும்போது அவர்கள் முதலில் பார்ப்பது பதிவேட்டைத்தான்: யாருடைய படகு, என்ன நிறம், எத்தனை மீற்றர், கரையில் யாரைக் கூப்பிடலாம். ஆகவே பழைய படகு வாங்குகிறவர், அதிலிருக்கும் வானொலியில் முந்தைய உரிமையாளரின் எம்.எம்.எஸ்.ஐ. இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். விற்கிறவர் படகு கைமாறியதை, எண்ணைக் கொடுத்த துறைக்கு அறிவித்துவிட வேண்டும். குறிகாட்டி கைமாறினாலும் அதன் பதிவேட்டில் பெயரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புப் பொத்தானை ஒருவர் ஏரி நடுவில் அழுத்தும்போது தொலைபேசி மணி வேறொருவர் வீட்டில் அடிக்கும்; படகை விற்று மூன்று ஆண்டாயிற்றே என்று அவர் விளக்கிக்கொண்டிருப்பார்.